பூங்காவனத்துக்குப் பதினொரு கொழுந்தனார்கள்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எங்கள் மையத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்றடி உயர எழுத்தில், சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும்: ‘சிறை மீண்டோருக்கான எய்ட்ஸ் இரகசிய ஆலோசனை மையம்’. இருப்பதிலேயே பெரிய எழுத்து ‘இரகசிய’ என்பதுதான். ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மாடிப்படி ஏறுகிறவனின் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ள வசதியாக, எதிரிலேயே நிறுத்தமும் இருந்தது.

போர்டு எங்கள் தலைவர் சண்முகசுந்தரத்தின் யோசனை. ஏதோ ஒரு அரசுத் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்புதான். பதவி இன்னும் அவருக்குள் பணியில் இருந்தது. தும்மினால்கூட இரண்டு பிரதி எடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்லக்கூடியவர். நான் மையத்தின் செயலாளர். ஆவடி டாங்கி ஃபாக்டரியில் குமாஸ்தா வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே பாவத்துக்காக இந்தப் பதவி என் தலையில் விழுந்தது. ஷிஃப்ட் முடிந்து ஆவடியில் மின்சார ரயில் பிடித்து வந்து, செவ்வாய்க்கிழமை மாலைகளில் பதிவேடு எழுதுவேன். டாக்டர் பாஸ்கரன் அன்று மட்டும் வந்து இலவசமாகப் பார்ப்பார். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களில் இந்தக் கிருமி இருப்பவர்கள் கையில் ஒரு சீட்டோடு எங்களிடம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. இது 1996.

இடம் முன்பு கணக்கு டியூஷன் சென்டராக இருந்தது. சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது. யாரோ ஒரு வாத்தியார் ஒரு தேற்றத்தை நிரூபிக்க ஆரம்பித்து, ‘எனவே’ என்று எழுதிவிட்டு எழுந்து போயிருந்தார். அதை அழிக்கத் தலைவரின் அனுமதி கிடைக்கவில்லை.

இந்த மையத்தைக் கூட்டிப் பெருக்கி, டீ போட வந்தவள் பூங்காவனம். நசரத்பேட்டைக்காரி. ஒரு காலத்தில் நாற்று நட்ட கை. நட்ட வயலில் கம்பெனி வந்ததும், காலையில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேன்டீன் ஒன்றில் காய் நறுக்கிவிட்டு மாலையில் இங்கே வருவாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ஒற்றை நாடி உடம்பு, ஊருக்கே கேட்கிற தொண்டை. வந்த முதல் வாரமே போர்டை அண்ணாந்து பார்த்தாள். மறு செவ்வாயிலிருந்து ஒரு துவைத்த புடவையைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் காயப்போட ஆரம்பித்தாள். சரியாக ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை காயும். தலைவர் கேட்டதற்கு, “எங்க ஊட்டாண்ட வெயிலே இல்ல சார்” என்றாள். மாலை ஐந்து மணிக்கு மேல் அம்பத்தூரில் என்ன வெயில் என்று தலைவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரகசியத்தில் தலைவர் கறாரானவர். அவரிடம் எண்பத்து நாலு பக்க ஆங்கில வழிகாட்டி நெறிமுறை ஒன்று இருந்தது. அதன் முப்பத்தோராம் பக்கத்தின்படி, வருகிறவர்களைப் பேர் சொல்லி அழைக்கக் கூடாது. ஆளுக்கொரு எண். அந்த எண்ணை உரக்கக் கூப்பிடுகிற வேலை எனக்கு. ஃபாக்டரி இரைச்சலில் பேசிப் பழகிய குரல். போதாது என்று யாரும் சொன்னதில்லை.

ஐந்து மாதத்தில் இருபத்து மூன்று பேர் சீட்டோடு வந்தார்கள். அதில் மறுமுறை வந்தவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவர். கமிட்டி கூடி ஆராய்ந்தது. “விழிப்புணர்வு போதவில்லை” என்று தலைவர் கண்டுபிடித்தார். ஒரு பேரணி நடத்தலாம், முன்னால் பேண்டு வாத்தியம் வைக்கலாம் என்று தீர்மானம் போட்டு, நான் அழகாக எழுதினேன்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கலியமூர்த்தி வந்தான். முப்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டியவன். ஒரு அடிதடி வழக்கில் நான்கு வருஷம் உள்ளே இருந்துவிட்டு, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் வெளியே வந்திருந்தான். ரத்தத்தில் இந்தக் கிருமி, நெஞ்சில் காசநோய். காசநோய்க்கு உள்ளேயே இரண்டு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். பாக்கி நாலு மாதம் எங்கள் பொறுப்பு. வாரா வாரம் வந்து அந்த வாரத்து மாத்திரையை வாங்கிப் போக வேண்டும்.

அவன் முறை வந்தது. “இருபத்து நாலு!” என்று கூப்பிட்டேன்.

அவன் சட்டென்று எழுந்தான். டாக்டர் அறைக் கதவு வரை வந்தான். கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளினால் திறக்கும். அவன் தள்ளவில்லை, யாரோ திறந்துவிடுவார்கள் என்பதுபோல நின்றான். பிறகு, கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். பெஞ்சில் இருந்த இன்னும் இரண்டு பேர் தாங்களாகவே எழுந்து வந்து அவன் பின்னால் அதே மாதிரி வரிசையாகக் குந்தினார்கள். காசு ஏதோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ‘எண்ணிக்கை’ என்று ஒன்று ஜெயிலில் தினம் நடக்கும் என்பதும், நம்பர் கூப்பிட்டால் எப்படி உட்கார வேண்டும் என்பதும் டாங்கி ஃபாக்டரி குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்?

கலியமூர்த்திக்குத் தான் இருக்கும் இடம் மெல்ல உறைத்தது. எழுந்தான். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

டாக்டர் வெளியே வந்தார். “யாருய்யா அடுத்தது? காசநோய் கேஸ் ஒண்ணு வரணுமே?”

“போய்ட்டாரு டாக்டர்.”

“போய்ட்டாரா? இப்ப மாத்திரைய நிறுத்தினா அடுத்து எந்த மாத்திரையும் கேக்காதுய்யா. அடுத்த மழைக்காலத்தப் பாக்க மாட்டான்!”

நான் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதுவதா, ‘வந்து சென்றார்’ என்று எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

மாடியிலிருந்து பார்த்தேன். அவன் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். அவளுக்கு அவன் பேர் தெரியாது. தெரிந்தாலும் கூப்பிடக் கூடாது. நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் பார்த்திருந்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு அந்தத் தொண்டையை எடுத்தாள்.

“யோவ் கொழுந்தனாரே! அண்ணி கூவுறது காதுல வுழல? இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிகினு போறே? வா இப்டி!”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் உண்மை தெரியாது. ஆனால் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. குடும்பச் சண்டை. ஒரு பூக்காரி, “போய்யா, அண்ணி கூப்புடுது இல்ல?” என்று அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவன் திகைத்துப் போய் நின்றான். நாலு வருஷமாக அவனை யாரும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூங்காவனம் மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்து, டீ கொடுத்து, டாக்டர் அறைக் கதவைத் தானே தள்ளிக் காட்டினாள். “இது தொறந்தே கீற கதவு. இன்னொருத்தன் தொறக்க வோணாம்.”

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் டீ வைக்க வந்தவள் வைத்துவிட்டுப் போகவில்லை.

“சார், இந்த நம்பர் கூப்புடறத வுட்டுருங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “பூங்காவனம், இது இரகசியம் காத்தல். சர்வதேச நெறிமுறை. பேர் சொல்லிக் கூப்பிட முடியாதும்மா.”

“பேரும் வோணாம், நம்பரும் வோணாம். மொற வெச்சு கூப்புடலாம். ஒருத்தரு எனக்கு மச்சான், ஒருத்தரு மாமா. ரோட்டுல போறவன் கேட்டா இன்னான்னு நெனப்பான்? பூங்காவனத்த பாக்க சொந்தக்காரன் வந்துகிறான்னு நெனப்பான். இத வுட இன்னா சார் ரகசியம் வோணும்?”

“அதெப்படி, ஒரு அமைப்பு என்றால் ஒரு...” தலைவர் எண்பத்து நாலு பக்கத்தையும் புரட்டினார். உறவுமுறை பற்றி ஒரு வரி இல்லை. கூடாது என்றும் இல்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

“எங்க ஊட்டுக்காரு துலுக்கானம் ஏழு வருசம் உள்ள இருந்தாரு” என்றாள் அவள், டம்ளர்களை அடுக்கிக்கொண்டே. “வெளிய வந்து இதே மாரி ஜுரம். ஒரு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். அங்கயும் நம்பர்தான். மூணு தபா கூப்ட்டாங்க. நாலாந்தபா கூப்புடறப்ப ஆளு அங்க இல்ல. அப்பாலிக்கு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் அவரு மிதிக்கல.”

டாக்டர், “அடுத்த செவ்வாயிலேருந்து மொறதான்” என்றார். தலைவர் ‘பரீட்சார்த்தமாக’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

அவள் வாய்க்கு வந்தபடி முறை வைக்கிறாள் என்றுதான் ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து கவனித்த பிறகுதான் பிடிபட்டது. குடிப்பவனுக்கு அவள் அக்கா. கன்னத்தில் அறைகிற மாதிரி திட்டலாம், அவன் பதில் பேச முடியாது. உள்ளே போவதற்கு முன் நாலு பேரால் மதிக்கப்பட்டவன், இப்போது யார் முகத்தையும் பார்க்காதவன் என்றால் அவர் மாமா. அவர் வந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நிற்பாள். அந்த மனிதரின் முதுகு நிமிர்வதை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டில் சேர்க்காதவன் சம்பந்தி. சம்பந்தியை யாரும் வாசலில் நிறுத்தி வைப்பதில்லை. டாக்டரின் மருந்துச் சீட்டில் இருப்பதைவிட அவள் வைத்த முறையில் ஆளைப் பற்றிய விவரம் அதிகம் இருந்தது.

கொழுந்தனார்கள் தனி ரகம். நிரோத் ஆணுறை பற்றிப் பேச வேண்டியவர்கள் எல்லாம் கொழுந்தனார்கள்.

இந்த விஷயத்தில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. செயல்விளக்கத்துக்கென்று தலைவர் ஒரு மர உருவத்தைச் செய்யச் சொல்லி, அதை வெல்வெட் பெட்டியில் வைத்து, பெட்டிக்குப் பூட்டும் போட்டிருந்தார். டாக்டர் அதை எடுத்துப் பாடம் நடத்துவார். கேட்கிறவன் கரும்பலகையில் இருக்கும் ‘எனவே’யையே பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும் “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்.” எடுத்துப் போகச் சொன்ன நிரோத் பொட்டலம் மேஜையிலேயே இருக்கும்.

டாக்டர் ஒருநாள் கேட்டார். “தம்பின்னு கூப்பிடலாமே பூங்காவனம், எதுக்குக் கொழுந்தன்?”

“தம்பியாண்ட அந்தப் பேச்சு பேச முடியுமா டாக்டரே? அண்ணிக்காரிக்கு கொழுந்தன கிண்டல் பண்ற உரிம கீது. நம்ம ஜனத்துல அதுக்குன்னே வெச்சுகிற மொற அது.”

கலியமூர்த்தி ஐந்தாம் வாரம் வந்தபோது அவள் பேசியதை நானே காதால் கேட்டேன். பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள்.

“இன்னா கொழுந்தனாரே, ஊட்டுக்கு போனியா?”

“இல்ல அண்ணி. பட்டறையிலயே படுத்துக்கறேன்.”

“ஏன்? திருமுல்லைவாயிலு ரெண்டு டேசன்தானே? அந்தப் பொண்ணு நாலு வருசம் ஜெயிலு கேட்டாண்ட கால்கடுக்க நின்னு உன்ன பாத்துச்சு. நீ லேத்து மிசின கட்டிகினு தூங்கறியா?”

பெஞ்சு சிரித்தது. அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு மெதுவாக, “பயமா கீது அண்ணி. அதுக்கும் ஒட்டிக்கிச்சுன்னா?”

“பயம் இருக்கட்டும், நல்லதுதான். அதுக்குத்தான் இது.” ஒரு சின்னப் பொட்டலத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். கொடுக்கவில்லை. “மொதல்ல அதுகிட்ட விசயத்த சொல்லிடு. சொல்லாம இத எடுத்தேன்னு வெய்யி, வேற எவளோ கீறான்னு நெனச்சுக்கும். சொல்லிட்டு வா, தரேன்.”

“வாய் வரல அண்ணி.”

“அப்ப லேத்துதான் உனக்கு பொண்டாட்டி. எண்ணெ போட்டு பாத்துக்கோ.”

இரண்டு வாரம் கழித்து வந்தான். படி ஏறும்போதே, “சொல்லிட்டேன் அண்ணி.”

“இன்னா சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லல. சோறு போட்டுச்சு.”

பூங்காவனம் பொட்டலத்தை அவன் சட்டைப் பையில் செருகினாள். “அடுத்த வாரம் வந்து போதலன்னு கேக்கணும். மீதி கீதுன்னு எடுத்தாந்தே, நீ என் கொழுந்தனே இல்ல.”

வெல்வெட் பெட்டியில் டாக்டர் ஊசிகளை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

வசந்தகுமாரி, அதாவது கலியமூர்த்தியின் மனைவி, ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா எடுப்பவள். அவளிடமிருந்து பதில் வந்தது: “இவரு ஒழுங்கா மாத்திரைய முடிக்கட்டும். அன்னிக்கு வரேன்.” நாலு வருஷம் கேட்டில் காத்திருந்தவளுக்கு வாக்கை நம்புகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. எனவே இரண்டு உயிரின் விஷயம் பதினாறு செவ்வாய்க்கிழமைகளில் தொங்கியது. வாத்தியார் விட்டுப்போன ‘எனவே’க்கு ஒரு உபயோகம் வந்தது.

அக்டோபரில் மறுமுறை வருகிறவர்கள் நாலிலிருந்து முப்பத்தேழு ஆகியிருந்தார்கள். வந்தவர்கள் தெரிந்தவர்களைக் கூட்டிவந்தார்கள். தலைவர் இதற்குத் தம் நிர்வாகமே காரணம் என்று நம்பினார். நாங்கள் மறுக்கவில்லை, பேண்டு வாத்தியம் மிச்சம்.

இந்த இடத்தில் என் பங்குக்கு நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் ‘எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எண் இல்லாதபோது அந்தத் தலைப்பு எப்படி இருக்கலாம்? எனக்குத்தான் எழுத்தில் சுத்தம் வேண்டுமே. அதை அடித்து, முத்து முத்தாக ‘ஊழியர் பூங்காவனத்துக்கு உறவுமுறை’ என்று எழுதிவைத்தேன்.

பதின்மூன்றாவது செவ்வாய். நல்ல மழை. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். எங்களுக்கு மருந்து தரும் அலுவலகத்தின் மேற்பார்வையாளர், கஜபதி என்று பேர். சஃபாரி சூட், நனையாத ஷூ. தலைவர் பீரோவைத் திறந்து, எப்போதும் கைவசம் வைத்திருக்கும் இரண்டு பொன்னாடைகளில் நல்லதைப் போர்த்தினார். கஜபதி பொன்னாடையோடேயே பதிவேட்டைப் பிரித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது.

“பூங்காவனம் யாரு?”

“எங்கள் பணியாளர் சார்.”

“அந்தம்மாவுக்கு மாமா ஒன்பது பேர், தம்பி எட்டுப் பேர், சம்பந்தி நாலு பேர், மச்சான் அஞ்சு பேர். கொழுந்தனார் பதினொண்ணு!” விரல் விட்டு எண்ணினார். “மொத்தம் முப்பத்தேழு பயனாளிகள். முப்பத்தேழு பேரும் ஒரே ஊழியரோட சொந்தக்காரங்க! இந்த மாதிரி ஒரு முறைகேட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை.”

நான், “சார், அது ஒரு சங்கேதம்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“சங்கேதம்னா எண் இருக்கும், எழுத்து இருக்கும். இது உங்க கையெழுத்துதானே? ‘உறவுமுறை’ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உறவு இல்லன்னா நிரூபிங்க. முப்பத்தேழு பேரோட ரேஷன் கார்டையும் கொண்டுவரச் சொல்லுங்க.”

ரேஷன் கார்டு என்றால் பேர், அப்பா பேர், தெருப் பேர், கதவு எண். முப்பத்தேழு பேரும் அந்தப் படியை மறுபடி மிதிக்க மாட்டார்கள். டாக்டர் கெஞ்சிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். கஜபதி கெட்டவர் இல்லை. விதி தெரிந்தவர், அவ்வளவுதான். “ஊழியரின் உறவினருக்கு வழங்கலாகாது. விசாரணை முடியும் வரை விநியோகம் நிறுத்தம்” என்று மருந்து பீரோவுக்குக் குறுக்கே நாடா கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்.

வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பேர் மழையில் நனைந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்தவன் கலியமூர்த்தி. அவன் கையில் இருந்த கடைசி மாத்திரையை முந்தின நாள் விழுங்கியிருந்தான். அரக்கு வாசனை வெளியே போனதோ என்னவோ, அவன் எழுந்து கதவருகே வந்து நின்றான். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் பழையபடி உள்ளே வராமல் நின்றான். முழங்கால் மடங்கத் தயாராக இருந்ததைப் பார்த்தேன்.

பூங்காவனமும் பார்த்தாள்.

“சார்,” என்றாள் கஜபதியிடம், “சட்டத்துல இன்னா போட்டுகீது? இன்னொரு தபா படிங்க.”

“ஊழியரின் உறவினருக்கு வழங்கலாகாது.”

“நான் ஊழியரா இல்லன்னா?”

கஜபதி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்லன்னா... ஆட்சேபணை எழாது.”

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். “அப்ப இந்த நிமிசத்திலேருந்து நான் இங்க வேல செய்யல. அவங்க எல்லாம் என் சொந்தக்காரங்கதான். எழுதிக்கோங்க.”

தலைவர் பதறி, “மூணு மாச முன்னறிவிப்பு தரணும், அதுதான் நடைமுறை...” என்றார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் மீதி வார்த்தை வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது. நான் ராஜினாமாவை எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கோணல் மாணலாக எதையும் எழுதியதில்லை. அவள் கைநாட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி ‘பூங்காவனம்’ என்று கையெழுத்துப் போட்டாள்.

கஜபதி படித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். ‘ஊழியர் எவரும் பயனாளிகளுக்கு உறவினர் அல்லர்’ என்று சிவப்பு மையில் எழுதினார். தன் கையாலேயே நாடாவை அறுத்தார். தீர்ந்தது என்று நாற்காலியில் சாய்ந்தவரின் காதருகே அந்தத் தொண்டை எழும்பியது.

“மூத்த கொழுந்தனாரே! இன்னா நின்னுகினே கீறே? வா, டாக்டரு கூப்புடறாரு பாரு!”

கஜபதி துள்ளி எழுந்தார். “நீதான் வேலையை விட்டுட்டியேம்மா. இன்னும் எதுக்குக் கூப்பிடறே?”

“சொந்தக்காரங்கள கூப்புட சம்பளம் வோணுமா சார்?”

அதற்கு விதி இல்லை. அவர் போகும்போது அவளே குடை பிடித்துப் படி வரைக்கும் கொண்டுவிட்டாள். “பாத்து எறங்குங்க பெரியப்பா, வழுக்கும்” என்றாள். மனிதர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார். அடுத்த மாத மருந்து இரண்டு நாள் முன்னதாகவே வந்தது.

அன்றிலிருந்து அவள் சம்பளமில்லாமல் வந்தாள். கேன்டீனில் இன்னொரு ஷிஃப்ட் காய் நறுக்கினாள். டாக்டர் தன் கையிலிருந்து ஏதோ கொடுக்கப் பார்த்தார். “மச்சான் கையில காசு வாங்கினா ஊரு சிரிக்கும் டாக்டரே” என்று மறுத்துவிட்டாள். டாக்டருக்கும் முறை வைத்திருக்கிறாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு என்ன முறை என்று கேட்கும் தைரியம் வரவில்லை. அந்தத் தலைப்பை எழுதியவன் நான்.

நவம்பரில் பதினாறாவது செவ்வாய் வந்தது. டாக்டர் கலியமூர்த்தியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “காசநோய் போச்சுய்யா. இன்னொண்ணு இருக்கு, அது இருக்கும். அதுக்கு மருந்து வெளிநாட்டுல இருக்கு. விலையக் கேட்டா நமக்கு வேற நோய் வந்துடும். ஆனா உடம்பப் பாத்துக்கிட்டா ஓடும். மாசம் ஒரு தடவை வந்து காட்டணும். வருவியா?”

“வருவேன் சார். அண்ணி கூப்ட்டா வராம இருக்க முடியுமா?”

கடைசி மாத்திரையை எல்லோர் எதிரிலும் விழுங்கினான். அவன் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. வசந்தகுமாரி. சொன்ன வாக்குப்படி வந்திருந்தாள். ஆனால் அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, பூங்காவனத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதான் அண்ணியா?”

“ஆமாம்மா. வா, உக்காரு.”

“இவருக்குக் கூடப் பொறந்த அண்ணனே கெடயாது. ஒத்தப் புள்ள. அண்ணி எங்கேருந்து வந்தீங்க?”

கலியமூர்த்தி தலையைக் குனிந்தான். நான் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

பூங்காவனம் கைப்பிடிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த புடவையை இழுத்துச் சரிசெய்தாள். “இருந்தாரும்மா. உனக்குத்தான் தெரியாது. இவுரு உள்ள போறதுக்கு முன்னாடியே அவுரு போய்ட்டாரு. நம்பர் சொல்லி கூப்ட்டாங்கன்னு எந்திரிச்சு போய்ட்டாரு. பின்னால ஓடிப்போயி கூப்புட எனக்கு அப்ப தெரியல.”

வசந்தகுமாரி கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே ஊசிக்குக் கையை நீட்டினாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது என் மேஜையருகே நின்றாள்.

“இந்த நோட்டுல என்னப் பத்தி ஒண்ணும் எழுதல?”

“என்ன முறைன்னு தெரியலையேம்மா” என்றேன்.

“அவங்க இவருக்கு அண்ணின்னா, நான் அவங்களுக்கு ஓரகத்திதானே? இது தெரியாமயா நோட்டு எழுதறீங்க?”

எழுதினேன். ரத்த முடிவு வர இரண்டு வாரம் ஆனது. உறையைப் பிரித்த டாக்டர் தாளை வெளியே நீட்டிக் காட்டினார். கிருமி இல்லை. பூங்காவனத்துக்கு அதைப் படிக்கத் தெரியாது, டாக்டரின் முகத்தைப் படிக்கத் தெரியும். படியோரமாக ஓடி, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி தொண்டையை எடுத்தாள்.

“அடியே ஓரகத்தி! அங்கயே இன்னா பூ வெல பேசிகினு கீறே? மேல வாடி, நல்ல சேதி கீது!”

பஸ் ஸ்டாண்ட் திரும்பிப் பார்த்தது. யாரோ வீட்டில் விசேஷம் என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது.